கொழுப்பு மாத்திரையை நிறுத்திய அண்ணாச்சி

ரத்த நோய் உள்ளவர்கள் தாங்களாகவே முடிவு செய்யலாமா?

(நமது மும்பை நிருபர்)

"குளிச்சிட்டு வந்தா உடம்பெல்லாம் அரிக்குது தம்பி. ஊசி வச்சுக் குத்துன மாதிரி இருக்கு."

என்னோடு ரெயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் அண்ணாச்சி மூன்று வருடங்களுக்கு முன்பு இப்படிச் சொன்னார். மும்பைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். சோப்பை மாற்றினார். எண்ணெய் தேய்த்துக் குளித்தார். அரிப்பு போகவில்லை. தலைவலியும் சேர்ந்து கொண்டது. முகமும் கண்ணும் சிவந்து போயின.

அண்ணாச்சிக்கு வயது 54. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வீடு தாராவியில். பீடி, சிகரெட் கிடையாது. ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தபோது ஹீமோகுளோபின் 19 இருந்தது. ஆண்களுக்கு 16.5-க்கு மேல் போனாலே டாக்டர்கள் யோசிப்பார்கள்.

"ரத்தம் இல்லைன்னுதான ஊரெல்லாம் கஷ்டப்படுது? எனக்குக் கூட இருந்தா நல்லதுதான?" என்று அண்ணாச்சி சிரித்தார்.

நல்லது அல்ல. அதுவும் ஒரு நோய்.

ரத்தம் கூடினால் ஆபத்து

நோயின் பெயர் பாலிசைதீமியா வீரா. எலும்பு மஜ்ஜை தேவைக்கு மேல் சிவப்பு அணுக்களை உற்பத்தி செய்து தள்ளுகிறது. ஜாக்-2 என்ற மரபணுவில், பிறந்த பிறகு ஏற்படும் ஒரு மாறுதல்தான் பெரும்பாலோருக்கு இதன் காரணம். 2005-ம் ஆண்டில்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. வருடக்கணக்காகக் கூடவே இருக்கும் நோய். ஒழுங்காக வைத்தியம் பார்த்தால் வேலைக்குப் போய்க்கொண்டே பல வருடம் நன்றாக வாழலாம்.

பயம் எல்லாம் ரத்தக் கட்டு பற்றித்தான். ரத்தம் குழம்பு போல் கெட்டியாவதால் எங்காவது உறைந்து அடைத்துக்கொள்ளும். மூளையில் அடைத்தால் பக்கவாதம். இருதயத்தில் அடைத்தால் மாரடைப்பு.

ஆகவே கையில் ஊசி போட்டு ரத்தத்தை வெளியே எடுக்கிறார்கள். ஒரு தடவைக்குச் சுமார் 350 மில்லி. நூறு பங்கு ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் 45 பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது கணக்கு. இதற்கு ஹெமட்டோகிரிட் என்று பெயர். இத்தாலியில் நடந்த ஆய்வின் முடிவு 2013-ல் வந்தது. 45-க்குக் கீழே வைத்திருந்த 182 பேரில் 5 பேருக்குத்தான் பெரிய அடைப்போ அதனால் மரணமோ ஏற்பட்டது. 45 முதல் 50 வரை விட்டிருந்த 183 பேரில் 18 பேருக்கு ஏற்பட்டது.

அண்ணாச்சிக்கும் ரத்தம் எடுத்தார்கள். தினம் ஒரு சிறிய ஆஸ்பிரின் மாத்திரையும் கொடுத்தார்கள். அரிப்பு குறைந்தது.

இரண்டு டாக்டர், இரண்டு சீட்டு

அடுத்த வருடம் வேறொரு டாக்டர் அவருக்குக் கொழுப்பு அதிகம் என்று கண்டுபிடித்தார். கெட்ட கொழுப்பு 168. அட்டார்வாஸ்டேட்டின் என்ற மாத்திரையை இரவில் போடச் சொன்னார்.

ரத்த நோய்க்கு ஒரு டாக்டர். கொழுப்புக்கு ஒரு டாக்டர். முதல் சீட்டை இரண்டாவது டாக்டர் கேட்கவில்லை. அண்ணாச்சியும் காட்டவில்லை.

நாலு மாதம் போனது. கெண்டைக்கால் வலித்தது. லீவில் ஊருக்குப் போனபோது ஒரு சொந்தக்காரர், "ஏற்கெனவே ரத்தத்தை இளக்க ஒரு மாத்திரை. இது ரெண்டாவதா? ரத்தமே நீர்த்துப் போயிரும்" என்று பயமுறுத்தி விட்டார். கொழுப்பு மாத்திரையை நிறுத்தினார். ஊரில் இருந்த இரண்டு மாதமும் ரத்தம் எடுக்கவில்லை. "இளைச்சுக் கறுத்துப் போயிட்டீக" என்று வீட்டில் இரும்புச் சத்து டானிக் வேறு வாங்கிக் கொடுத்தார்கள். அதையும் குடித்தார்.

டிபன் டப்பா நழுவியது

மும்பை திரும்பிய இரண்டாவது வாரம். சயானில் நாங்கள் இருவரும் லோக்கல் ரெயில் ஏறினோம். குர்லா வருவதற்குள் அண்ணாச்சியின் வலது கையிலிருந்த டிபன் டப்பா நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார். கை வரவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வார்த்தை குழறியது.

குர்லாவில் இறக்கி பெஞ்சில் உட்கார வைத்தேன். பத்து நிமிடத்தில் கையும் பேச்சும் சரியாகிவிட்டன. "ஒண்ணுமில்லை தம்பி. ஆபீசுக்கு நேரமாச்சு" என்று எழுந்தார். மஸ்டர் போனால் போகட்டும் என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அது பக்கவாதத்தின் முன்னெச்சரிக்கை என்றார்கள். ஹெமட்டோகிரிட் 53 இருந்தது.

டாக்டர் சொன்னது

ரத்த நோய் டாக்டர் எல்லாச் சீட்டுகளையும் மேஜை மேல் பரப்பச் சொன்னார். அவர் கூறியதாவது:-

"எதனால் வந்தது என்று ஒரு காரணத்தை மட்டும் காட்ட முடியாது. ரத்தம் எடுக்காமல் இருந்தது தவறு. இரும்பு டானிக் குடித்தது அதைவிடத் தவறு. மஜ்ஜை அதை வைத்து இன்னும் சிவப்பு அணு செய்யும். கொழுப்பு மாத்திரையை நிறுத்தியதும் தவறு. தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் எடுத்தால் குழாயில் ஓடுவது கெட்டியாகாமல் இருக்கும். ஆஸ்பிரின், தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். கொழுப்பு மாத்திரை, குழாயின் உள்சுவரில் அழுக்குப் படியாமல் காக்கும். மூன்றும் மூன்று வேலை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது."

ஸ்டேட்டின் மாத்திரை ஆஸ்பிரினைப் போல ரத்தத்தை இளக்கும் மருந்து அல்ல. கல்லீரல் கொழுப்பு தயாரிப்பதை அது குறைக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1973-ல் ஒரு பூஞ்சைக் காளானில் இருந்து இந்த வகையின் முதல் மருந்தைக் கண்டறிந்தார்.

அண்ணாச்சிக்கு இப்போது ஹைட்ராக்சியூரியா மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. கொழுப்பு மாத்திரையையும் மறுபடி ஆரம்பித்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று பயந்தார். சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னார். கால் வலிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்தார். தசைக்குக் கெடுதல் இல்லை என்று தெரிந்தது. வேறு ஸ்டேட்டின், குறைந்த அளவு என்று மாற்றிக் கொடுத்தார். வலி வரவில்லை. கெட்ட கொழுப்பு 68-க்கு இறங்கிவிட்டது.

கவனம் தேவை

எல்லா மருந்தும் இப்படி ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. இதே ரத்த நோய்க்குச் சிலருக்குக் கொடுக்கும் ரக்சோலிட்டினிப் என்ற மருந்து, கொழுப்பைக் கூட்டக்கூடும். கிளாரித்ரோமைசின் போன்ற சில கிருமிக்கொல்லி மருந்துகளும், பூஞ்சைக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் அட்டார்வாஸ்டேட்டினை உடம்பில் அளவுக்கு மேல் தேங்க வைக்கும். பம்ப்ளிமாஸ் இனத்தைச் சேர்ந்த கிரேப்புரூட் சாற்றை நிறையக் குடித்தாலும் அப்படித்தான்.

உடம்பு வலிக்கு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் இபுபுரூபன் மாத்திரை, ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கலாம். வயிற்றில் ரத்தக் கசிவையும் உண்டாக்கலாம்.

ஸ்டேட்டின் சாப்பிடுகிறவருக்குக் கடுமையான தசை வலி வந்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தானாகச் சரியாகிவிட்டாலும் போக வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன்.

பாஸுக்குப் பின்னால் ஒரு சீட்டு

நம்மில் பலர் இங்கே ஒரு டாக்டர், ஊரில் ஒரு டாக்டர் என்று இரண்டு இடத்தில் வைத்தியம் பார்க்கிறோம். இங்கே இந்தி, மராத்தியில் பாதி சொல்கிறோம். அங்கே போய் மீதியை மறந்துவிடுகிறோம். சீட்டை இங்கே விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் பையில் போட்டுக்கொண்டு ரெயில் ஏறுகிறோம்.

அண்ணாச்சி இப்போது ரெயில்வே பாஸ் வைக்கும் உறையில், பாஸுக்குப் பின்னால் ஒரு காகிதம் வைத்திருக்கிறார். நோயின் பெயர், எல்லா மாத்திரைகளின் பெயர், அளவு, கடைசியாக ரத்தம் எடுத்த தேதி எல்லாம் அதில் இருக்கின்றன. பல் டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறார். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவன் நான்.

போன வாரம் அண்ணாச்சி மறுபடி ஊருக்குப் புறப்பட்டார். டாக்டரிடம் கேட்டு, முதல் நாளே ரத்தம் எடுத்துக்கொண்டார். வண்டி ஏறியதும் ஜன்னல் வழியாக உறையைத் தட்டிக் காட்டினார்.

"இந்தத் தடவை யார் என்ன சொன்னாலும் இதைத்தான் காட்டுவேன் தம்பி."