அலையில் கரையும் டீசல்

கரை திரும்பிய படகில் மீன் ஏலம் முடிந்ததும் முதலில் கழிப்பது எண்ணெய்ச் செலவைத்தான். மிஞ்சியதைத்தான் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரிப்பார்கள். ஆகவே டீசல் படகுக்காரரான சம்மாட்டியின் தலைவலி மட்டும் இல்லை. படகில் ஏறும் ஒவ்வொருவர் பங்கிலிருந்தும் போகிற காசு. இருந்தும் "படகு எவ்வளவு குடிக்கும்?" என்று கேட்டால், "மணிக்கு ரெண்டு லிட்டர்" என்றோ "ஒரு நடைக்கு அரை கேன்" என்றோதான் பதில் வரும். பைக் வைத்திருப்பவரோ லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பட்டென்று சொல்லிவிடுவார். கடலிலும் தூரக் கணக்குதான் உதவும்: ஒரு நாட்டிகல் மைலுக்கு, அதாவது 1.852 கிலோமீட்டருக்கு, எத்தனை லிட்டர்?

உத்தேசமாகக் கணக்கிட எஞ்சினின் குதிரைத்திறனே போதும். டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தருவதற்கு ஏறத்தாழ 0.2 லிட்டர் எரிக்கும். நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டுக்கு 0.3 லிட்டர் ஆகும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் அதைவிடத் தாராளமாகவே குடிக்கும். 10 குதிரைத்திறன் டீசல் எஞ்சினை முழுவிசையில் ஓட்டினால் மணிக்கு 2 லிட்டர். ஆனால் பாதி விசையில் எவ்வளவு என்று இந்தக் கணக்கு சொல்லாது. அதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளக்க மீட்டர் எதுவும் வாங்க வேண்டியதில்லை. அளவுக்கோடு போட்ட ஒரு லிட்டர் பாட்டிலை எஞ்சினுக்கு மேலே கட்டி, டேங்கிலிருந்து எஞ்சினுக்கு வரும் குழாயைக் கழற்றி அதில் விட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. டீசல் எஞ்சினில் எரியாமல் மிஞ்சும் எண்ணெய் இன்னொரு சிறு குழாய் வழியே டேங்குக்குத் திரும்பும். அதையும் பாட்டிலுக்குள்ளேயே விடாவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். பாட்டில் காலியாகும்வரை ஓட்டவும் கூடாது. குழாயில் ஏர் பிடித்தால் நடுக்கடலில் ஸ்பேனரோடு போராட வேண்டியதுதான். அரை லிட்டர் இறங்க எத்தனை நிமிடம் என்று பார்க்கலாம். 15 நிமிடம் என்றால் மணிக்கு 2 லிட்டர். அதே நேரத்தில் செல்போன் ஜிபிஎஸ் காட்டும் வேகத்தை நாட் கணக்கில், அதாவது மணிக்கு எத்தனை நாட்டிகல் மைல் என்று, குறிக்க வேண்டும். நீரோட்டம் ஏமாற்றும் என்பதால், போன வழியிலேயே திரும்பி வந்து இரண்டு வேகத்தையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். மணிக்கான லிட்டரை வேகத்தால் வகுத்தால் மைல் கணக்கு கிடைத்துவிடும். எஞ்சினின் மூன்று நான்கு வேகங்களில் இதைச் செய்து ஒரு அட்டையில் எழுதிவைத்தால் போதும்.

அந்த அட்டை சொல்லப்போவதை இங்கிலாந்துக்காரர் வில்லியம் ஃப்ரூட் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டார். டார்க்கி என்ற கடலோர ஊரில், பிரிட்டிஷ் கடற்படைக்காக 1872-ல் ஒரு நீண்ட தண்ணீர்த் தொட்டி கட்டி, அதில் மாதிரிக் கப்பல்களை இழுத்து ஆராய்ந்தவர் அவர். ஓடும் படகுக்கு இரண்டு தடைகள் உண்டு: ஒன்று, அடிப்பாகத்தில் தண்ணீர் உரசுவது, மற்றது, படகு தானே எழுப்பும் அலை. வேகம் கூடக்கூட அந்த அலையும் நீளும். 5 நாட் வேகத்தில் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு சுமார் 14 அடி. 6.7 நாட் போனால் 25 அடி.

நம் கரையில் ஓடும் 28 அடி ஃபைபர் படகு தண்ணீரில் படியும் நீளம் 25 அடி என்று வைத்துக்கொள்வோம். 6.7 நாட்டில் முதல் முகடு முன்முனையான அணியத்திலும் அடுத்த முகடு பின்புறத்திலும் நிற்கும். இன்னும் விசை கொடுத்தால் பின்முகடு படகைத் தாண்டிப் போய்விடும். பின்புறம் பள்ளத்தில் இறங்க, அணியம் வானத்தைப் பார்க்கும். அதற்குமேல் எஞ்சின் செய்வதெல்லாம் தன் அலை மீதே படகை ஏற்றும் வேலை. படியும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் எந்தப் படகுக்கும் இந்த எல்லை தெரிந்துவிடும்.

எல்லைக்குள்ளும் சிக்கனம் இருக்கிறது. தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடியாக ஏறும். இதைவிடச் சற்று நீளமான, 10 குதிரைத்திறனில் 7 நாட் போகும் படகை 6 நாட்டுக்குக் குறைத்தால் 6.3 குதிரைத்திறனே போதும். மைலுக்கு 0.29 லிட்டர் குடித்தது 0.21 ஆகிவிடும். 20 மைல் தொலைவுக்குப் போய்த் திரும்ப 11.4 லிட்டருக்குப் பதில் 8.4 லிட்டர். போகும்போது அரை மணி, வரும்போது அரை மணி தாமதம். கையில் மூன்று லிட்டர் மிச்சம்.

இதைப் படித்துவிட்டு மீனவர்கள் ஏன் இப்படி விரட்டுகிறார்கள் என்று கரையிலிருந்து கேட்பது சுலபம். முதலில் கரை சேரும் படகுக்கு ஏலத்தில் நல்ல விலை. அரை மணி பிந்தினால் மூன்று லிட்டர் டீசலைவிடக் கூடுதலாக இழக்கும் நாளும் உண்டு. ஆனால் போகும்போது ஏலம் எதுவும் காத்திருப்பதில்லை. அந்த நடையையாவது நிதானமாக ஓட்டலாம்.

மற்ற வழிகளில் கவனிக்க வேண்டியது புரொப்பல்லர். கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளுவதைவிட நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவதில் வீண் குறைவு. அதனால்தான் கியர் வைத்துச் சுழற்சியைக் குறைத்துப் பெரிய புரொப்பல்லர் மாட்டுகிறார்கள். பொருத்தம் சரியா என்பதை எஞ்சினே சொல்லும். முழுவிசை கொடுத்தும் உரிய சுழற்சி வராமல் கரும்புகை தள்ளினால், புரொப்பல்லர் அதற்குப் பாரம். அல்லது படகின் அடி அழுக்கு. உரிய சுழற்சியையும் தாண்டி அலறினால் புரொப்பல்லர் சிறிது.

தண்ணீரிலேயே கட்டிக்கிடக்கும் படகின் அடியில் சில வாரங்களில் பாசி படரும், பிறகு கொட்டலசு ஒட்டும். சுரண்டி வர்ணம் அடிப்பதற்கு ஆகும் செலவு வீண்போகாது. டேங்கில் போடும் மாத்திரை, குழாயில் மாட்டும் காந்தம் போன்றவற்றுக்குக் கொடுக்கும் காசை அந்த வர்ணத்துக்குக் கொடுக்கலாம்.

வேகப் படகுகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. தட்டையான அடிப்பாகமும் பெரிய மோட்டாரும் கொண்ட சுற்றுலாப் படகு, ஒரு வேகத்தைத் தாண்டியதும் தண்ணீர்மேல் ஏறிச் சறுக்கத் தொடங்கும். ஏறுவதற்குச் சற்று முன்புள்ள வேகத்தில்தான் அது எண்ணெயை வாரி இறைக்கும். அணியம் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்த நிலையில் ஓட்டவே கூடாது: ஒன்று நன்றாக இறக்க வேண்டும், இல்லை ஏற்றிவிட வேண்டும். அதில் ஆட்களை முன்பக்கம் நகர்த்தி உட்காரவைத்தாலே சீக்கிரம் ஏறிவிடும்.

மைல் கணக்கு கையில் இருந்தால் எவ்வளவு ஊற்றிக்கொண்டு போவது என்பதும் தெளிவாகும். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பாக ஒரு பங்கு என்பது கடலோடிகளின் பழைய வழக்கம். மேலே சொன்ன 8.4 லிட்டர் நடைக்கு 12.6 லிட்டர். எதிர்க்காற்றும் எதிர்நீரோட்டமும் அந்த மூன்றாம் பங்கைத்தான் தின்னும். வலை இழுக்கும்போது எஞ்சின் சும்மா ஓடும் நேரத்துக்கான எண்ணெய் இதில் சேராது. அதை அதே பாட்டிலால் தனியே அளந்து மேலே கூட்டிக்கொள்ள வேண்டும்.