நரம்பின் உறையும் நம் மரபணுக்களும்

மின்விளக்குக்குச் செல்லும் கம்பியைப் பாருங்கள். உள்ளே செம்பு; அதன்மேல் காப்புறை. உறை கிழிந்தால் என்ன ஆகும் என்பது பள்ளி மாணவருக்கும் தெரியும். நம் மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பிழைகள் பலவற்றிற்கும் இத்தகைய உறை ஒன்று உண்டு. அதற்கு மயலின் என்று பெயர். கொழுப்பும் புரதமும் கலந்த இவ்வுறை, வாழைத்தண்டைச் சுற்றிய மட்டைகளைப்போல், நரம்பிழையைப் பல அடுக்குகளாகச் சுற்றியிருக்கிறது.

இந்த ஒப்புமையை அதிக தூரம் இழுத்துச் செல்லக் கூடாது. கம்பியில் மின்சைகை ஏறக்குறைய ஒளியின் வேகத்தை நெருங்கிச் செல்கிறது. நரம்புச் செய்தியோ அதன் அருகில்கூட வராது. 1850ஆம் ஆண்டு ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தவளையின் கால் நரம்பில் அவ்வேகத்தை அளந்தார். பௌதிக மாணவர்கள் இவரை ஆற்றல் அழியா விதியின் வாயிலாக அறிவார்கள். அவர் கண்ட வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர். அதாவது ஒரு விரைவு ரயிலின் வேகந்தான்! உறையில்லாத மெல்லிய இழைகளில் செய்தி வினாடிக்கு 1 மீட்டர் அளவே நகரும். உறையுள்ள தடித்த இழைகளிலோ 100 மீட்டரைத் தொடும்.

இவ்வளவு வேறுபாடு ஏன்? உறை, நரம்புச் சவ்வின் மின்தேக்குத் திறனை வெகுவாகக் குறைத்துவிடுகிறது. ஆகவே சவ்வை மின்னேற்றம் செய்வதில் நேரம் வீணாவதில்லை. உறையில் சிறு இடைவெளிகள் உண்டு. அவற்றிற்கு ரான்வியர் கணுக்கள் என்று பெயர். செய்தி ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவித் தாவிச் செல்கிறது.

உறை அழிந்தால் செய்தி தாமதமாகும், அல்லது வழியிலேயே நின்றுவிடும். ஒரு கண்ணில் பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், காரணமின்றிக் களைப்பு வாட்டும். 1868இல் பாரிஸ் நகரின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஷார்க்கோ என்ற மருத்துவர் இந்நோயைத் தெளிவாக வரையறுத்தார். மூளையிலும் தண்டுவடத்திலும் பல இடங்களில் தழும்பேறி இறுகிக் கிடப்பதால் இதற்கு மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர் வந்தது. தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்பார்கள். மூளையையும் கண் நரம்பையும் தாக்கும் நோயைத் தண்டுவடத்தோடு மட்டும் சேர்த்துச் சொல்வது பொருத்தமாக எனக்குப் படவில்லை. எனினும் வழக்கிலுள்ள பெயர் அதுவே. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தலைகாட்டுகிறது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது.

உறையை அழிப்பது யார்? வெளியிலிருந்து வந்த பகைவன் அல்ல. நம்மைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே. வேலியே பயிரை மேய்கிறது.

தாய்க்கு உண்டு, பிள்ளைக்கும் வருமா?

நோயுற்ற தாய் ஒருத்தி மருத்துவரிடம் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று இது. இதற்கு விடை சொல்ல இரட்டையர்கள் உதவினார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரின் மரபணுக்கள் ஏறக்குறைய முற்றிலும் ஒன்றே. நோய் மரபணுக்களால் மட்டுமே வருவதாயின், ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தே தீர வேண்டும். கனடாவில் நடந்து 1986இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இணைகளில் மட்டுமே இருவருக்கும் நோய் இருந்தது. தனித்தனிக் கருவில் பிறந்த இரட்டையரில் இது மிகக் குறைவு. ஆகவே மரபணுக்களுக்குப் பங்கு உண்டு; ஆனால் முழு அதிகாரம் இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால், நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கே அது வருகிறது.

எந்த மரபணு? 1970களின் தொடக்கத்திலேயே ஒரு தடயம் கிடைத்தது. ஆறாவது குரோமோசோமில் எச்.எல்.ஏ. என்ற மரபணுக் கூட்டம் இருக்கிறது. செல்லுக்குள் கிடைக்கும் புரதத் துணுக்குகளைத் தட்டில் ஏந்தி வெள்ளணுக்களுக்குக் காட்டும் புரதங்களை இவை ஆக்குகின்றன. இக்கூட்டத்தில் டி.ஆர்.15 என்ற வகையை உடையவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் சுமார் மூன்று மடங்கு.

மூன்று மடங்கு என்றதும் அஞ்ச வேண்டாம். சற்றுக் கணக்குப் போடுவோம். ஒரு நாட்டில் ஒரு லட்சம் பேர். அவர்களில் 200 பேருக்கு இந்நோய் வரும் என்று கொள்வோம். நாலில் ஒருவரிடம், அதாவது 25,000 பேரிடம், டி.ஆர்.15 இருக்கட்டும். மூன்று மடங்கு விதியின்படி, இந்த 25,000 பேரில் 100 பேருக்கும், மீதி 75,000 பேரில் 100 பேருக்கும் நோய் வரும். இப்போது பாருங்கள்: நோயாளிகளில் பாதிப்பேர் அம்மரபணுவை உடையவர்கள். ஆனால் அம்மரபணுவை உடைய 25,000 பேரில் 24,900 பேர் நோயின்றியே வாழ்கிறார்கள்! 'ஆபத்தான மரபணு' என்று செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

2019இல் பன்னாட்டு ஆய்வுக்குழு ஒன்று 47,429 நோயாளிகளையும் 68,374 நோயற்றவர்களையும் ஒப்பிட்டு, நோயோடு தொடர்புடைய 200க்கும் மேற்பட்ட இடங்களை மரபணுத் தொகுதியில் குறித்தது. அவற்றில் பெரும்பாலானவற்றின் விளைவு மிகச் சிறிது. ஆனால் வியப்பு வேறு. நோய் தாக்குவது நரம்பை; மரபணுக்களோ பெரும்பாலும் நரம்புக்குரியவை அல்ல. வெள்ளணுக்கள் முதலிய நோய்த்தடுப்பு அணுக்களில் வேலை செய்பவை அவை. எனவே, அந்த அணுக்கள் எங்கே, எப்போது பழகுகின்றன என்று பார்க்க வேண்டும்.

தைமஸ் என்னும் பள்ளிக்கூடம்

மார்பெலும்பின் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, தைமஸ் என்ற உறுப்பு இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் நன்கு வளர்ந்திருக்கும்; பருவமெய்திய பின் சுருங்கிக் கொழுப்பாக மாறும். பயனற்றது என்றே வெகுகாலம் கருதப்பட்டது. 1961இல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர் பிறந்த எலிக்குஞ்சுகளிடமிருந்து அதை அகற்றினார். குஞ்சுகள் தொற்றுநோய்களை எதிர்க்க வலுவின்றி மடிந்தன. வளர்ந்த எலியிடமிருந்து அகற்றினாலோ பெரிய தீங்கு ஒன்றும் உடனே தெரியவில்லை. தைமஸின் முக்கியமான வேலை இளமையிலேயே நடந்து முடிகிறது என்பது இதிலிருந்து விளங்கியது.

அது என்ன வேலை? டி-வெள்ளணுக்களுக்கு இங்கே இரண்டு தேர்வுகள். எச்.எல்.ஏ. தட்டையே அடையாளம் காணத் தெரியாத அணு முதல் தேர்வில் தோற்கும். உடலின் சொந்தப் புரதங்களைக் கண்டு சீறுகின்ற அணு இரண்டாவதில் தோற்கும். தோற்றவை அழிக்கப்படுகின்றன. நூற்றுக்கு 95க்கும் மேற்பட்டவை தேறுவதில்லை. எந்தப் பல்கலைக்கழகமும் இவ்வளவு கடுமையாக விடைத்தாள் திருத்துவதாகத் தெரியவில்லை! அப்படியிருந்தும், மயலினைப் பகையென எண்ணும் சில அணுக்கள் நழுவிவிடுகின்றன. அவை நோயற்றவர்களின் இரத்தத்திலும் உண்டு. பெரும்பாலோரிடம் வேறு காவல் அணுக்கள் அவற்றை அடக்கி வைக்கின்றன.

தேர்வில் எந்தத் துணுக்கை எந்தத் தட்டில் காட்டுவது என்பதை எச்.எல்.ஏ. மரபணுவே முடிவு செய்கிறது. டி.ஆர்.15இன் பங்கு இங்கேயும் இருக்கக்கூடும். 2007இல் இந்நோயோடு இணைக்கப்பட்ட மற்றொரு மரபணு, இன்டர்லூக்கின்-7 என்ற பொருளை ஏற்கும் புரதத்தை ஆக்குவது. டி-அணுக்கள் தைமஸில் வளர அப்பொருள் இன்றியமையாதது.

இடம் பெயர்ந்தவர்கள் சொன்ன செய்தி

குழந்தைப் பருவத்தைச் சுட்டும் மற்றொரு சான்று மருத்துவமனையிலிருந்து அல்ல, குடியேற்றக் கணக்கிலிருந்து வந்தது. இந்நோய் வட ஐரோப்பாவில் மிகுதி; தென்னாப்பிரிக்காவில் குறைவு. ஜெஃப்ரி டீன், கர்ட்ஸ்கி என்ற இருவர் 1971இல், ஐரோப்பாவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் குடியேறியவர்களை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். வளர்ந்த பின் வந்தவர்கள் தாய்நாட்டின் ஆபத்தையும் உடன் கொண்டு வந்திருந்தார்கள். ஏறத்தாழ 15 வயதுக்கு முன் வந்தவர்களுக்கோ புதிய நாட்டின் குறைந்த ஆபத்தே இருந்தது. எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. இந்தியா, பாக்கிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து பிரிட்டன் சென்றவர்களிடம் நோய் அரிது. அங்கே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளிடம் அது மிகுந்திருந்ததாக 1990இல் டீனும் அவருடைய குழுவினரும் தெரிவித்தனர். மரபணு மாறவில்லை, வளர்ந்த மண்தான் மாறியது.

மண்ணில் என்ன இருக்கிறது? குறைந்த வெயிலால் வரும் வைட்டமின் டி குறைவு, இளம்பருவத்து உடற்பருமன், புகைபிடித்தல் ஆகியவை ஆபத்தைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இவை எல்லாவற்றையும்விட வலுவான சான்று ஒரு வைரஸைப் பற்றியது. 1964இல் எப்ஸ்டீன், ஆச்சாங், பார் என்ற மூவர் கண்டறிந்த எப்ஸ்டீன்-பார் வைரஸ் அது. ஒருமுறை புகுந்தால் ஆயுள் முழுதும் வெள்ளணுக்களில் பதுங்கியிருக்கும்.

அமெரிக்கப் படைவீரர்களிடம் அவ்வப்போது எடுத்துச் சேமித்த இரத்த மாதிரிகளை ஹார்வர்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வீரர்களின் தொகை ஒரு கோடிக்கும் மேல். 2022இல் முடிவு வெளியாயிற்று. ஆராயப்பட்ட 801 நோயாளிகளில் 800 பேரிடம் அந்த வைரஸின் தடம் இருந்தது. தொடக்கத்தில் தொற்றே இல்லாமலிருந்த நோயாளிகள் 35 பேர். அவர்களில் 34 பேருக்கு, நோய் தோன்றும் முன் தொற்று வந்துவிட்டது. தொற்றுக்குப் பின் ஆபத்து 32 மடங்கு உயர்ந்தது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார், இவ்வைரஸின் புரதம் ஒன்றில் ஒரு பகுதி நம் நரம்பு மண்டலத்துப் புரதம் ஒன்றை ஒத்திருப்பதைக் காட்டினார்கள். ஆள்மாறாட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகைவனைத் தேடும் காவலர் வீட்டுக்காரனையே பிடித்துவிடுகிறார்.

ஆயினும் உலகில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இவ்வைரஸ் இருக்கிறது. அவர்களில் மிகச் சிலருக்கே நோய். தொற்று வரும் வயதும் கணக்கில் சேர்கிறது. நம் நாடு போன்ற இடங்களில் பெரும்பாலான குழந்தைகள் இதைச் சிறுவயதிலேயே, தெரியாமலே, பெற்றுவிடுகிறார்கள். செல்வ நாடுகளில் பலருக்கு வாலிபத்தில் வந்து, காய்ச்சலும் கழுத்துக் கட்டியுமாக வாரக்கணக்கில் படுக்க வைக்கிறது. அப்படிப் படுத்தவர்களுக்குப் பின்னாளில் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு.

இவ்வளவு தீங்கு செய்யும் மரபணுக்கள் ஏன் மறையவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பழைய எலும்புகளிலிருந்து எடுத்த மரபுப் பொருளை ஆராய்ந்த குழு ஒன்று 2024இல் விடை தர முயன்றது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் ஆடுமாடுகளோடு திரிந்த யாம்னாயா என்ற புல்வெளி மக்களிடையே இவை பெருகி, அவர்கள் வழியாக வட ஐரோப்பாவை அடைந்தன என்பது அவர்கள் முடிவு. கால்நடைகளிலிருந்து தொற்றும் நோய்களுக்கு எதிராக இவை அன்று கவசமாக உதவியிருக்கலாம் என்கிறார்கள்.

வைரஸைத் தடுத்தால் நோயையும் தடுக்கலாமா? 2022இல் அமெரிக்காவில் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு எதிரான தடுப்பூசி ஒன்றின் முதற்கட்டச் சோதனை தொடங்கியது. தொற்று வருவதோ சிறுவயதில் அல்லது வாலிபத்தில். நரம்பு நோய் தோன்றுவது 30 வயதை ஒட்டி. ஆகவே பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஊசி போட்டால், அது இந்நோயைத் தடுத்ததா என்று சொல்ல இருபது ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும்.