தொலை இயக்கி: பேசுவோன் குறையா, கேட்போன் குறையா?

நாற்காலியின் கைப்பிடியிலோ தலையணையின் அடியிலோ கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு சிறு கருவி, செயலற்றுப் போகும் நாளில்தான் இல்லத்தார் அனைவரின் கவனத்திற்கும் வருகிறது. ‘ரிமோட்’ என்று நாம் வழங்கும் தொலை இயக்கியே அது. அது நின்றுபோனால் பெரும்பாலோர் செய்வன இரண்டு. முதலில் உள்ளங்கையில் ஓங்கித் தட்டுவர். அதற்கும் மசியாவிடில் கடைக்குச் சென்று புதியதொன்று வாங்குவர். முதற்செயலில் சிறிது அறிவியல் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம். இரண்டாவது பல வேளைகளில் வீண் செலவாகவே முடிகிறது.

தொலை இயக்கி ஒளியால் பேசுவது. அதன் முனையில் சிறு மணிபோல் தோன்றும் ஒளி உமிழ் டையோடு, சுமார் 940 நானோமீட்டர் அலைநீளமுடைய அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் வெப்பமானியின் துணைகொண்டு கண்டறிந்த, கண்ணுக்குப் புலப்படாத கதிர் இது. புலப்படாவிடினும் ஒளியின் இயல்பு மாறுவதில்லை. ஒளி நேர்க்கோட்டில் செல்வதைப் பதினோராம் நூற்றாண்டிலேயே சோதனைகளால் ஆராய்ந்து ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் நூலை யாத்த இப்னுல் ஹைத்தம் கூறிய விதிக்கு இதுவும் உட்பட்டதே. இடையில் பூச்சாடி நின்றால் செய்தி நின்றுவிடும். எதிர்ச் சுவரில் பட்டுத் தெறித்துச் சென்றால் சேர்ந்துவிடும்.

1955இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் வெளியிட்ட ‘ஃப்ளாஷ்மேட்டிக்’ என்னும் கருவி கண்ணுக்குத் தெரியும் ஒளியையே பயன்படுத்தியது. சாளரத்தின் வழியே வெயில் பட்டாலும் தொலைக்காட்சி தானாக அலைவரிசையை மாற்றிக்கொண்டது! அவ்விடர் இன்று நேராதிருக்கக் காரணம், இக்காலத் தொலை இயக்கி வாளா ஒளிர்வதில்லை என்பதே. பெரும்பாலானவற்றில் ஒளி நொடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கிறது. அத்துடிப்புகளைக் கொத்துக் கொத்தாக விட்டு, இடையிடையே மௌனம் காத்து, தந்தி அடிப்பதுபோல் ஒவ்வொரு பொத்தானுக்கும் உரிய குறியீட்டை அனுப்புகிறது. தொலைக்காட்சியின் முகப்பிலுள்ள உணரி அத்துடிப்பை மட்டும் பொருட்படுத்தி, வெயிலையும் விளக்கொளியையும் தள்ளிவிடுகிறது. எனினும் உணரியின் மீதே நேர் வெயில் விழுமாயின் இன்றும் அது திகைத்துப் போவதுண்டு.

ஆகவே பழுது என்றால் முதலில் எழவேண்டிய வினா ஒன்றே: பேசுவோன் குறையா, கேட்போன் குறையா? இதற்கு விடைகாணும் கருவி இன்று ஏறத்தாழ எல்லார் சட்டைப்பையிலும் உள்ளது. கைப்பேசியின் படக்கருவியைத் திறந்து, தொலை இயக்கியின் முனையை அதன் முன் பிடித்து, ஏதேனும் ஒரு பொத்தானை அழுத்துக. நம் கண் காணாத கதிரைப் படக்கருவி காணும். திரையில் வெள்ளையாகவோ ஊதாவாகவோ ஓர் ஒளி மினுக்கும். சில கைப்பேசிகளின் பின்புறப் படக்கருவியில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருப்பதால், தன்னைத்தானே படமெடுக்கும் முன்புறக் கருவியைக் கொண்டு நோக்குதல் நன்று. நல்ல நிலையிலுள்ள வேறொரு தொலை இயக்கியை முதலில் சோதித்துக்கொண்டால் ஐயம் எழாது.

ஒளி தெரிந்தால் கேட்போனிடம் செல்க. உணரியின் முன் தூசியோ, ஒட்டிய தாளோ, புதிதாக வைத்த அலங்காரப் பொருளோ இருக்கிறதா என நோக்குக. தொலைக்காட்சியின் உடலிலுள்ள பொத்தான்கள் வேலை செய்கின்றனவா எனவும் காண்க. செட்டாப் பெட்டிக்குரிய தொலை இயக்கியைத் தொலைக்காட்சிக்கு நீட்டிக்கொண்டிருப்பவர்களும் உளர். கற்றோரும் இதற்கு விலக்கல்லர். எந்தப் பொத்தானையும் தொடாதபோதே ஒளி இடைவிடாது மினுக்குமாயின், ஏதோ ஒரு பொத்தான் அமுங்கியபடியே சிக்கிக்கொண்டது என்று பொருள். ஒளி தெரிவதாலேயே குறியீடு சரியாகச் செல்கிறது என்றும் கொள்ளலாகாது. உள்ளே துடிப்பின் அளவை நிலைநிறுத்தும் பீங்கான் அதிர்வி கீழே விழுந்த அதிர்ச்சியில் பழுதுற்றிருக்கலாம். விழுந்தபின் நின்றுபோன கருவியில் டையோடின் கால்கள் பற்றவைப்பிலிருந்து விடுபட்டிருப்பதும் உண்டு. இவை இரண்டும் சால்டரிங் அறிந்தவர் கைக்குரிய வேலைகள்.

ஒளியே தெரியாவிடில் குற்றவாளி பெரும்பாலும் மின்கலமே. புதியதொன்றும் பழையதொன்றும் கலந்து இடுவது நம்மிடையே பரவிய தவறு. இரண்டையும் ஒருசேர மாற்றுக. மாற்றியும் பயனில்லையேல் அறையினுள் உள்ள சுருள்வில்லைப் பார்க்க. அதில் பூஞ்சை படர்ந்தாற்போல் வெள்ளையோ பச்சையோ படிந்திருக்கும். தட்டினால் கருவி உயிர்பெறுவதன் மர்மம் இங்கேதான் உள்ளது: அடி படும்போது அப்படலம் கணநேரம் விலகி மின்னோட்டத்திற்கு வழிவிடுகிறது. ஆனால் அடி மருந்தன்று. அல்கலைன் வகை மின்கலத்திலிருந்து கசிவது காரம். பஞ்சுக் குச்சியில் ஓரிரு துளி வினிகர் தொட்டுத் துடைத்தால் நீங்கும். மலிவான கார்பன் துத்தநாக வகையில் கசிவது அமிலத்தன்மை உடையதாதலின் அங்கு வினிகர் ஆகாது. சிறிது சமையல் சோடா கரைத்த நீர் போதும். பின் நன்கு உலரவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் உலோகம் மின்னும். அக்கையோடு கண்ணைத் தொடுதல் கூடாது. சில வேளைகளில் உள்ளிருக்கும் சில்லு குழம்பி நிற்கும். மின்கலங்களை எடுத்துவிட்டுப் பொத்தான்களை ஒரு நிமிடம் அழுத்தினால் மின்தேக்கியில் எஞ்சிய மின்னூட்டம் வடிந்து அது தெளிவதுண்டு.

அண்மைக்காலத் தொலைக்காட்சிகளுள் சில புளூடூத் வானலையால் இயங்குவன. அவற்றில் படக்கருவிச் சோதனை செல்லாது. மீண்டும் இணைப்பதே வழி.

எல்லாப் பொத்தான்களும் இயங்க, ஒன்றிரண்டு மட்டும் இயங்காமை தனிவகை. எங்கள் இல்லத்தில் நேர்ந்தது அதுவே. பக்கவாதத்திற்குப் பின் வாப்பா அவர்களின் வலக்கை தேறிவந்த காலம். பாங்கு ஒலித்ததும் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பது அவர்களின் நெடுநாள் வழக்கம். அதனைச் செய்ய இயலாமல் ஒவ்வொரு முறையும் எங்களை அழைத்தார்கள். விரலில் இன்னும் வலு வரவில்லை என நாங்களே முடிவுகட்டி, மருத்துவரிடமும் அவ்வாறே கூறிவிட்டோம். ஒருநாள் படக்கருவியின் முன் ஒவ்வொரு பொத்தானாகச் சோதித்தேன். மற்றவை மெல்லத் தொட்டாலே ஒளிர்ந்தன. ஒலி குறைக்கும் பொத்தானோ என் கட்டைவிரலின் முழு வலுவுக்கும் ஒருமுறைதான் இணங்கியது. பல ஆண்டுகளாக மிகுதியாக உழைத்த பொத்தான் அது.

மின்கல அறையினுள் மறைந்திருந்த திருகாணியைக் கழற்றி, பழைய அட்டை ஒன்றை விளிம்பில் செருகிச் சுற்றிவரத் தள்ளினேன். உடல் இரண்டாகப் பிரிந்தது. ரப்பர் விரிப்பின் அடியில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு கரிய கார்பன் வட்டு உண்டு. அது மின்சுற்றுப் பலகையைத் தொடும்போதே சுற்று முழுமையடையும். அங்கே எண்ணெய்ப் பிசுக்குப் படலமாய்ப் படர்ந்திருந்தது. ரப்பரைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, பலகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மென்மையாக ஒற்றியெடுத்தேன். அழுத்தித் தேய்த்தால் கரும்பூச்சே போய்விடும். தேய்ந்த வட்டின்மேல் பென்சிற்கரி பூசுவாரும் உளர். அது சில நாள்களே நிற்கும். மின்கடத்தும் பூச்சினைக் கடையில் வாங்கித் தடவுதல் நீடிக்கும். நான் அதையே செய்து, ஓர் இரவு உலரவிட்டு மூடினேன்.

மறுநாள் மாலை வாப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மஃரிபுக்குப் பாங்கு ஒலித்தது. நான் எழுவதற்குள் தொலைக்காட்சியின் ஒலி தணிந்திருந்தது.