பிடுங்காமல் விட்ட கொடிகள்

அடிலெய்டிலிருந்து வடகிழக்கே ஒரு மணி நேரம் காரோட்டினால் பரோசா பள்ளத்தாக்கு. ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களை, குடிக்காதவர்களையும் சேர்த்தே, அங்கே கூட்டிப்போவேன். கொடியைப் பார்க்கக் காசு கேட்பதில்லை.

அங்குள்ள கிரீனாக் என்ற சிற்றூரில் காலெஸ்கி குடும்பம் 1853 முதல் விவசாயம் செய்கிறது. அவர்களிடம் இருப்பதிலேயே மூத்த ஷிராஸ் என்ற கறுப்புத் திராட்சைக் கொடிகள் 1875இல் நட்டவை. கம்பம் ஊரின் பந்தல் திராட்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை கொடி என்றே தோன்றாது. பந்தல் கிடையாது. முறுக்கேறிய குட்டை அடிமரம், பட்டை பட்டையாக உரியும் தோல். தலைமுறைகளாகத் திராட்சையைப் பிற ஆலைகளுக்கு விற்றவர்கள், சொந்த ஒயின் ஆலை தொடங்கியது 2002இல்தான்.

இத்தனை வயதுக் கொடி ஐரோப்பாவிலேயே அபூர்வம். காரணம் பிலாக்ஸெரா என்ற பூச்சி. வேரில் உறிஞ்சியே கொடியைச் சாகடித்துவிடும். 1860களில் பிரான்சில் புகுந்து தோட்டம் தோட்டமாக அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் அங்கே திராட்சையை மீட்டார்கள். ஆஸ்திரேலியாவிலும் 1877இல் விக்டோரியாவின் ஜீலாங் பக்கம் தலைகாட்டியது. தெற்கு ஆஸ்திரேலியா 1899இல் தனிச் சட்டமே போட்டுக் காவலை இறுக்கியது. இங்கே அது வரவில்லை. கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. செருப்பு மண்ணோடு பூச்சி வந்துவிடும் என்பதால் வரிசைக்குள் கண்டபடி நடக்க விடமாட்டார்கள். செல்ஃபி எடுக்க இறங்கப்போனவரை, “சித்தப்பா, வேலிக்கு இந்தப் பக்கமே நில்லுங்க” என்று நான் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

பூச்சிக்குத் தப்பியவை சந்தையிடம் மாட்டின. 1980களில் திராட்சை தேங்கி விலை விழுந்தது. கொடியைப் பிடுங்கினால் பணம் என்று அரசே திட்டம் போட, மூத்த ஷிராஸ் தோட்டங்கள் பல போயின. பிடுங்காதவர்கள் எல்லாரும் தீர்க்கதரிசிகள் என்று இப்போது கதை சொல்கிறார்கள். பாதிக்குப் பாதி வெறும் பிடிவாதமாகத்தான் இருந்திருக்கும் என்பது என் கணக்கு. 2009இல் பரோசாக்காரர்கள் வயதுக்குப் படிநிலை வகுத்தார்கள்: 35, 70, 100, 125. கடைசிப் படியில் இருப்பவை ‘மூதாதைக் கொடிகள்’.

காலெஸ்கி தோட்டத்தில் ரசாயன உரமோ களைக்கொல்லியோ கிடையாது. உயிராற்றல் வேளாண்மை முறையும் உண்டு. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுக்கப் புதைத்து வைத்து, பிறகு எடுத்துத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கும் முறை அது. 1924இல் ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய உரைகளிலிருந்து வந்தது. எனக்குக் கொம்பில் நம்பிக்கை இல்லை, சாணத்தில் உண்டு. பரோசாவின் வறண்ட கோடையில் பூஞ்சைத் தொல்லை குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். மழை ஓயாத ஊரில் இந்த வைராக்கியம் எளிதல்ல.

கறுப்புத் திராட்சையின் சாற்றுக்குப் பெரும்பாலும் நிறமில்லை. சிவப்பு தோலில் இருக்கிறது. அதனால் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுகிறார்கள். மூத்த கொடி குறைவாகக் காய்க்கும், பழமும் சிறுக்கும், சாற்றோடு சேரும் தோல் அதிகமாகும், நிறமும் துவர்ப்பும் செறியும் என்பார்கள். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சுமாரான பழம் தந்த கொடியை எவர் நூறு வருஷம் வைத்திருப்பார்? வயதால் நல்லதானதா, நல்லதாக இருந்ததால் வயதானதா?

சித்தப்பாவின் கேள்வி வேறு. “மகசூல் குறைஞ்சா எப்படிப்பா கட்டுப்படியாகும்?” விலைப் பட்டியலைக் காட்டினேன். 1875 கொடிகளின் ஷிராஸ் புட்டி, அதே ஆலையின் சாதாரணப் புட்டியைவிடப் பல மடங்கு விலை.