கொசுவும் மனிதனும் – 12: நாற்பது ஷில்லிங்

கென்யாவின் மேற்கே, விக்டோரியா ஏரிக்கரைக் கிராமங்களில், மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு ஊரடங்கிய பிறகுதான் வேட்டைக்குக் கிளம்பும். மனித மூச்சின் வாடை பிடித்து வீட்டுக்குள் புகுந்து, தூங்குகிறவர்களைத் தேடி வரும். சாதாரணக் கொசுவலை என்றால் ஒரு கிழிசல் போதும். தூக்கத்தில் புரளும் குழந்தையின் முழங்கை வலையில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் போதும், கடித்துவிடும். பெர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்து ஏற்றிய வலையில் வந்து உட்கார்ந்தாலோ, காலில் மருந்து பட்டு, சற்று நேரத்தில் சுருண்டு விழும். மருந்தை நூலிழையோடு சேர்த்தே தயாரிப்பதால், இருபது முறை துவைத்தாலும் வீரியம் போகாது என்பது கணக்கு.

கொசு சாகிறது என்பதுதான் இதில் பெரிய விஷயம். 1990களின் கடைசியில் அசெம்போ, கெம் பகுதிகளில் நடந்த ஆய்வில், வலை கொடுத்த கிராமங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சாவு சுமார் 16 சதவீதம் குறைந்தது. வலையே கொடுக்காத வீடுகளிலும், வலை உள்ள கிராமத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருந்தவற்றில் குழந்தைகள் பிழைத்தார்கள். ஒருத்தி கட்டும் வலை அடுத்த வீட்டுப் பிள்ளையையும் காக்கிறது. அப்படியிருக்க, அதன் விலையை அவள் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?

ஆனால் அன்று கொசுவலை விற்பனைச் சரக்காகத்தான் இருந்தது. சும்மா கொடுத்தால் மதிக்க மாட்டார்கள், கைக்காசு போட்டு வாங்கினால்தான் பத்திரமாகப் பயன்படுத்துவார்கள் என்று நல்லெண்ணம் கொண்டவர்களே வாதாடினார்கள். ஜெசிகா கோஹென், பாஸ்கலின் டுபா என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். கர்ப்பிணிகள் வரும் சுகாதார நிலையங்கள் சிலவற்றில் வலை இலவசம். மற்றவற்றில் குலுக்கல் முறையில் வெவ்வேறு விலை. அதிகபட்சம் 40 ஷில்லிங். அப்போது வழக்கமாக வாங்கிக்கொண்டிருந்த 50 ஷில்லிங்கைவிட அது குறைவு. அந்த விலைக்கே வலை வாங்குவோர் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. இலவசமாகப் பெற்றவர்களோ, காசு கொடுத்தவர்களுக்குக் குறையாமல் வலையைக் கட்டிக்கொண்டு தூங்கினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் மற்றவர்களைவிட, மலேரியாவால் வரும் சோகை பிடித்தவர்களும் அல்லர். விலை வைத்ததால் வலை மிகவும் தேவைப்பட்டவர்களிடம் போய்ச் சேரவில்லை. பணம் இல்லாதவர்களை விலக்கியது, அவ்வளவுதான்.

2006இல் கென்ய அரசு சிறு குழந்தைகளுக்கு லட்சக்கணக்கான வலைகளை இலவசமாகவே வழங்கியது. நான்கு மாவட்டங்களில் எடுத்த கணக்கைப் பாருங்கள்: 2004 வாக்கில் பரம ஏழை வீட்டுக் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று பேர்தான் மருந்து வலைக்குள் தூங்கினார்கள், வசதியானவர்களில் பதினைந்து பேர். இலவச விநியோகத்துக்குப் பின் இரு தரப்பிலும் அறுபத்தாறு. 2007இல் உலக சுகாதார நிறுவனமும், வலையை இலவசமாகவோ பெரும் மானியத்திலோ எல்லோருக்கும் கொடுங்கள் என்றது.

வலை மூன்றாண்டில் நைந்துபோகும். மறுபடி கொடுத்தாக வேண்டும். கொசுக்களும் பெர்மெத்ரின் வகை மருந்துகளுக்கு ஈடுகொடுக்கப் பழகிவிட்டன. குளோர்ஃபெனாபிர் என்ற இரண்டாவது மருந்தும் சேர்ந்த வலைகளை 2023இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அவற்றின் விலை கூடுதல். அந்தக் கூடுதல் பணத்துக்கு வழி தேடும்போது, தாய்மாரிடமே வசூலிக்கலாம் என்ற யோசனை மட்டும் மறுபடி தலைதூக்கக் கூடாது.