ஆங்கில இலக்கியம் படிக்கும் மகளுக்கு உம்மா எப்படி உதவலாம்?

க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கில இலக்கியத்தைத் தெரிவு செய்த பிள்ளை வீட்டில் இருந்தால், பரீட்சை நெருங்கும்போது ஒரு முணுமுணுப்பு கேட்கும். சிமிலி, மெட்டஃபர், பெர்சோனிஃபிகேஷன், அலிட்டரேஷன், ஐரனி... மஃரிபுக்குப் பிறகு கொப்பியும் கையுமாக மகள் நடந்து நடந்து பாடமாக்குவாள். "நமக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே" என்று உம்மாமார் ஒதுங்கிக்கொள்வார்கள். சகோதரிகளே, ஒதுங்கத் தேவையில்லை.

அந்தச் சொற்களில் பாதியைத் தமிழ்ப் பாடத்திலேயே பிள்ளை படித்துவிட்டாள். சிமிலி என்பது உவமை, மெட்டஃபர் உருவகம். அலிட்டரேஷனுக்கு மோனை நெருங்கிய உறவு. ரைம் வரியின் கடைசியில் வருவது, ஆகவே அதற்குப் பக்கத்தில் நிற்பது இயைபு. எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றுவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் பிள்ளைகள் நிறையப் பேர். சீறாப்புராணத்தில் உவமையை எடுத்துக்காட்டத் தெரிந்தவள் ஆங்கிலக் கவிதைக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

டெனிசன் கழுகைப் பற்றிப் பாடிய கவிதை ஆறே வரிகள்தான். 1851இல் வெளியானது. கழுகுக்குக் கைகள் இருப்பதாகச் சொல்கிறார், அது பெர்சோனிஃபிகேஷன். முடிவில் அதன் பாய்ச்சலை இடிக்கு ஒப்பிடுகிறார், அது சிமிலி. இப்படிப் பெயர் சொல்வதோடு வேலை முடிந்துவிடாது. அசையாமல் இருந்த பறவை கண் இமைக்கும் நேரத்தில் பாய்கிறதே, அந்த வேகத்தை இடி என்ற ஒரு சொல் காட்டுகிறது என்றும் எழுத வேண்டும். "ஏன் இடி? ஏன் கல் இல்லை?" என்று கேட்க உங்களுக்கு ஆங்கிலம் வேண்டாம்.

ஐரனி கொஞ்சம் கடினம். ஓ ஹென்றி 1905இல் எழுதிய கதையைச் சொல்லிப் பாருங்கள். கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்க மனைவி கூந்தலை விற்கிறாள். அவளுக்குச் சீப்பு வாங்க அவன் கடிகாரத்தையே விற்றுவிடுகிறான். முரண்நகை என்றால் இதுதான். பிறகு யாரும் மறப்பதில்லை.

விதித்த நூல்கள் காலத்துக்குக் காலம் மாறும். படிக்கும் முறை மாறாது. 1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை எடுத்துக்கொள்வோம். ஐந்து குமர்ப் பிள்ளைகள், ஆண் வாரிசு இல்லை, வீடு தகப்பனுக்குப் பின் உறவுக்காரர் கொலின்ஸுக்குப் போய்விடும். நமக்குப் புரியாத கதையா? அந்தக் கொலின்ஸ் பெண் கேட்டு வர எலிசபெத் மறுக்கிறாள், தாய் புலம்புகிறாள். சில நாளில் அவளுடைய தோழி, 27 வயது ஷார்லட், அதே மனிதரை ஏற்றுக்கொள்கிறாள்.

யார் செய்தது சரி என்று மகளிடம் கேளுங்கள். அவள் ஒரு பக்கம் பேசினால் நீங்கள் மறுபக்கம் பேசுங்கள். "நூலில் எந்த இடத்தில் அப்படி இருக்கிறது?" என்று விடாமல் கேளுங்கள். கதையை ஒப்புவிப்பதற்குப் புள்ளி குறைவு. காரணமும் நூலிலிருந்து சான்றும் காட்டினால்தான் விடை நிற்கும். டியூஷன் நோட்ஸை மனனம் செய்தவளுக்கு, கேள்வி சற்றுத் திரும்பி வந்தால் கை ஓடாது.

தமிழில் வாதாடியதை அன்றிரவே புத்தகத்தை மூடிவைத்து ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் பாத்திரங்களின் பெயர்களைப் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கு ஏ, பீ, சீ தெரிந்தால் போதும்.