பார்த்துட்டான்... ஆனா சுடலை! 100 வருடம் தாண்டியும் பதறவைக்கும் ஒரு வேட்டைக் கதை

ஒருவன் மரக்கிளையில் அசையாமல் படுத்திருக்கிறான். அவனைக் கொல்ல வந்தவன் கீழே நிற்கிறான். அவன் பார்வை தரையிலிருந்து கிளம்பி, அங்குலம் அங்குலமாக மரத்தில் ஏறுகிறது. அந்தக் கிளைக்குச் சற்று முன்பு நின்றுவிடுகிறது. சிரிக்கிறான். சிகரெட் புகையை வளையமாக ஊதிவிட்டு, வந்த வழியே நடந்து போகிறான்.

அப்பாடா, தப்பிச்சாச்சுன்னு தோணுதா? அங்கதான் சிக்கலே.

ரிச்சர்ட் கானல் எழுதிய 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' சிறுகதையில் வரும் காட்சி இது. 1924 ஜனவரியில் அமெரிக்காவின் 'காலியர்ஸ்' வார இதழில் வெளியானது. ஆங்கிலத்தில் 'கேம்' என்றால் விளையாட்டு. வேட்டையாடப்படும் விலங்குக்கும் அதே சொல்தான். தலைப்பிலேயே வேலையைக் காட்டிவிடுகிறார் மனுஷன்.

ரெயின்ஸ்ஃபோர்டு பேர்பெற்ற வேட்டைக்காரன். கப்பலிலிருந்து தவறி கரீபியன் கடலில் விழுந்து, ஒரு தீவில் கரையேறுகிறான். அங்கே மாளிகை கட்டி வாழும் ஜெனரல் ஸாரோஃப் ராஜ உபசாரம் செய்கிறார். விலங்குகளை வேட்டையாடிச் சலித்துப்போனவர் அவர். விலங்குக்கு யோசிக்கத் தெரியாதே! அதனால் இப்போது மனிதர்களை வேட்டையாடுகிறார். ரெயின்ஸ்ஃபோர்டுக்கும் அதே விதிதான்: கையில் ஒரு கத்தி, முன்கூட்டியே ஓடச் சில மணி நேரம். மூன்று நாள் தாக்குப்பிடித்தால் விடுதலை.

கவனித்துப் பார்த்தால், பாதிக் கதை தாண்டும்வரை இந்த ஓட்டம் தொடங்குவதே இல்லை. அதுவரை விருந்தும் பேச்சும்தான். ஆனால் அந்தப் பேச்சில்தான் ஸாரோஃப் எவ்வளவு கெட்டிக்காரர் என்று நமக்குப் புரிகிறது. அதனால்தான் மரத்தடியில் அவர் திரும்பிப் போகும்போது 'பார்க்காமல் போய்விட்டார்' என்று நம்ப முடிவதில்லை. இருட்டில், காட்டுக்குள், குழப்பிவிட்ட தடத்தையே பிடித்து வந்தவர் ஆச்சே! பிறகு ஏன் சிரித்தார்? ரெயின்ஸ்ஃபோர்டுக்கு உறைக்கிறது: பார்த்துவிட்டுத்தான் போகிறார். விளையாட்டு இன்று முடிந்துவிடக்கூடாது என்று நாளைக்கு எடுத்து வைத்திருக்கிறார். எலியோடு பூனை விளையாடுமே, அதே கதை.

அந்த இடத்திலேயே சுட்டிருந்தால் அதிர்ச்சியாக இருந்திருக்கும், ஒரு நொடிக்கு. சுடாமல் போனதால் அடுத்து வரும் ஒவ்வொரு பக்கமும் பயமுறுத்துகிறது. ரெயின்ஸ்ஃபோர்டு வைக்கும் பொறிகள், வேட்டை நாய்களின் துரத்தல் எல்லாம் விறுவிறுப்புதான். என்னைக் கேட்டால், அந்தப் புகை வளையத்துக்குப் பக்கத்தில்கூட அவை வராது.

இன்னொரு விஷயம். கதையின் தொடக்கத்தில், வேட்டையாடப்படும் ஜாகுவாருக்கும் பயம் இருக்கும் என்கிறார் நண்பர் விட்னி. அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று ரெயின்ஸ்ஃபோர்டு தட்டிவிடுகிறான். அந்தப் பதிலைத்தான் மரக்கிளையில் வைத்து அவனுக்கே திருப்பிக் கொடுக்கிறார் கானல்.

1932-ல் இது படமானது. 'கிங் காங்' படத்துக்குப் போட்ட காட்டு செட்டிலேயே எடுத்தார்கள். கதையில் ரெயின்ஸ்ஃபோர்டு தனி ஆள். படத்திலோ கூட ஓட ஒரு கதாநாயகி. பேச்சுத்துணை கிடைத்ததுமே பதற்றம் பாதி குறைந்துவிடுகிறது.

ஸ்பாய்லர் அலர்ட் (100 வயதான கதைக்கு இதுவே அதிகம்): கடைசி மோதல் ஸாரோஃபின் படுக்கையறையில். அந்தச் சண்டையை கானல் காட்டவே இல்லை. யார் அந்தப் படுக்கையில் நிம்மதியாகத் தூங்கினார் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அமெரிக்காவில் 2020-லேயே பதிப்புரிமை முடிந்துவிட்டதால், மூலக்கதை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ராத்திரி தூங்கப்போகும் முன் மட்டும் வேண்டாம்.